மலை ஊர்களில் ரேடான் வாயு: வீடுதோறும் அளந்தறிதல்

ஆஸ்திரியாவின் டிரோல் மாகாணத்தில், ஆல்ப்ஸ் மலைகளுக்கிடையே, உம்ஹவுஸன் என்றொரு சிற்றூர் உண்டு. 1990-ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் விஞ்ஞானிகள் அவ்வூர் வீடுகளின் காற்றைச் சோதித்தனர். ரேடான் வாயுவின் அளவு மிக அதிகமாயிருந்த இடத்தில் அது கன மீட்டருக்கு ஒரு லட்சம் பெக்கரலையும் கடந்திருந்தது. வினாடிக்கு ஓர் அணு சிதைவதே ஒரு பெக்கரல். (விஞ்ஞானி ஒருவரின் பெயராதலின் இதனைத் தமிழாக்காது அவ்வாறே வழங்குகிறோம்.) உலக சுகாதார ஸ்தாபனம் 2009-இல் வீடுகளுக்குப் பரிந்துரைத்த அளவு 100, அது இயலாத நாடுகளிலும் 300-ஐத் தாண்டலாகாது என்றது. உம்ஹவுஸனில் ரேடான் மிகுந்த பகுதியில் நுரையீரற் புற்றுநோயால் இறந்தவர் தொகையும் மிகுந்திருந்தது. அதே ஊரின் மறு பகுதியிலோ ரேடான் மிகக் குறைவு.

பாறையிலும் மண்ணிலும் சிறிதளவு கலந்துள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகின்றது. ரேடியத்திலிருந்து ரேடான் பிறக்கின்றது. இதற்கு நிறமோ மணமோ கிடையாது. 3.8 நாட்களில் இதன் பாதி சிதைந்து, பொலோனியம் முதலிய பொருள்களாக மாறுகின்றது. அவை தூசியில் ஒட்டி, மூச்சுடன் நுரையீரலை அடைந்து, அங்கே ஆல்பாக் கதிர்களை வீசுகின்றன. புகைபிடிப்போர்க்கு இதனால் விளையும் அபாயம் பன்மடங்காகும்.

உம்ஹவுஸனின் நிலைக்குக் காரணம், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு நேர்ந்த பெரும் மலைச்சரிவு. நொறுங்கிய பாறையின் இடுக்குகள் வழியே வாயு தங்குதடையின்றி மேலெழுகின்றது. மேலும், குளிர்காலத்தில் கதவுகளை அடைத்து உள்ளே தீ மூட்டுகின்றனர். சூடான காற்று கூரை வழியே வெளியேற, வீடு புகைபோக்கியைப் போல நிலத்தின் காற்றைத் தரை வழியே உள்ளிழுத்துக்கொள்கிறது. நம் கர்வால் இமயப் பகுதியிலும் இத்தகைய அளவீடுகள் நடைபெற்றுள்ளன. அங்குச் சிமெண்டு வீடுகளைவிட மண் வீடுகளில் பொதுவாக ரேடான் மிகுந்து காணப்பட்டது.

அண்டை வீட்டின் அளவைக் கொண்டு நம் வீட்டின் அளவை ஊகிக்க இயலாது. ஒவ்வொரு வீட்டிலும் அளந்தே ஆகவேண்டும். கருவியோ மிக எளியது: சிறு குப்பியினுள் ஒரு பிளாஸ்டிக் படலத் துண்டு, அவ்வளவே. மின்சாரம் வேண்டுவதில்லை. ஆல்பாத் துகள்கள் படலத்தில் பதிக்கும் தடங்களைச் சோதனைச்சாலையில் காரக் கரைசலால் துலக்கி, நுண்பெருக்கியின்கீழ் எண்ணுவர். குப்பியைக் குடும்பத்தார் உறங்கும் அறையில், அடுப்பு, சன்னல் ஆகியவற்றுக்கு அப்பால், மூச்சுவிடும் உயரத்தில் வைத்தல் வேண்டும். மூன்று மாதமேனும் அது அங்கேயே இருக்கட்டும். ரேடானின் அளவு நாளுக்கு நாள் மாறுமாதலால், இரண்டு மூன்று நாள் சோதனையை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. சிறுவர்கள் குப்பியைத் திறந்து பார்ப்பதும், தாய்மார் துப்புரவின்போது அதனை வெளியே வைத்துவிடுவதும் நேரக்கூடியவையே. ஊழியர்கள் இதனை முன்னரே எடுத்துரைப்பது நலம்.

அளவு மிகுதியாயின் வீட்டைக் கைவிட வேண்டுவதில்லை. விரிசல்களை அடைப்பது மட்டும் பெரும்பாலும் போதாது. தரைக்கடியிலிருந்து ஒரு குழாயைக் கூரைக்கு மேல் கொண்டுசென்று, சிறு விசிறியால் நிலக்காற்றை வெளியேற்றுவதே நம்பத்தகுந்த முறை. விசிறியை ஓட்டிய பின்னர், அதே அறையில் புதிய படலத்தை வைத்து மீண்டும் அளத்தல் வேண்டும்.