ஆணியா... மருவா? காலைத் திருப்பிப் பாருங்கள்!

ஷிஃப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரர் சேஃப்டி ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, "கால்ல ஆணி குத்துது" என்று பிளேடைத் தேடுகிறாரா? முதலில் அந்த பிளேடைப் பிடுங்கி வையுங்கள்!

நெய்வேலி மாதிரி சுரங்க ஊரில் எட்டு மணி நேரம் கனத்த ஷூவுக்குள் கால் வியர்வையில் ஊறுகிறது. ஆணியும் வரலாம், மருவும் வரலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். ஆனால், ஆணி அடுத்தவருக்கு ஒட்டாது. மரு ஒட்டும்!

எப்படிக் கண்டுபிடிப்பது? விரலால் நேராக அழுத்துங்கள். 'ஆ' என்றால் பெரும்பாலும் ஆணி. இரண்டு பக்கமும் சேர்த்துக் கிள்ளும்போது அதிகம் வலித்தால் மருவாக இருக்கலாம். பாதத்தின் ரேகைகள் மருவின் ஓரத்தோடு நின்றுவிடும். மேலே மிளகுப் பொடி தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரியும். 'வேர்' என்று சொல்லி அதைத்தான் பலர் நோண்டுகிறார்கள். வேரும் இல்லை, விழுதும் இல்லை. ரத்தம் உறைந்துபோன நுண்ணிய நாளங்கள் அவை.

மருவை உண்டாக்குவது எச்.பி.வி. என்ற வைரஸ். மருவை அரைத்து வடிகட்டிய சாறே புது மருவைக் கிளப்பும் என்று 1907-லேயே இத்தாலிய டாக்டர் சியூஃபோ காட்டிவிட்டார். வெடிப்பு, சிராய்ப்பு வழியாக நுழையும். தலைகாட்ட மாதக்கணக்கில்கூட ஆகும். அதனால் 'யார்கிட்டேருந்து வந்தது' என்று சண்டை போட்டுப் பயனில்லை. பிளேடால் சீவினால் பக்கத்துத் தோலுக்குப் பரவும். ஈரமான பாத்ரூம் தரை, ஒரே துண்டு, மாற்றிப் போடும் செருப்பு... பையன் காலுக்கும் வந்துவிடும்.

குழந்தைகளுக்கு வந்தால் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானாகவே மறையும். 'வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பு மிளகு போட்டேன், உதிர்ந்துடுச்சு' என்று பாட்டி சொல்வது பொய்யல்ல. உதிர்த்தது உடம்பின் எதிர்ப்புச் சக்தி. தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள். முடி கட்டி அறுப்பதும், சுண்ணாம்பு வைத்துச் சுடுவதும்தான் வேண்டாம்.

வலித்தாலோ பரவினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். சாலிசிலிக் அமிலம் தருவார். வெந்நீரில் ஊறவைத்து, மேல்தோலை லேசாகத் தேய்த்துவிட்டுப் பூச வேண்டும். தேய்த்த கல்லை வேறு யாரும் தொடக் கூடாது. மூன்று மாதம்கூட ஆகலாம், பாதியில் விடாதீர்கள். திரவ நைட்ரஜனால் உறையவைத்து எடுப்பதும் உண்டு.

ஆனால் வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால், கடையில் விற்கும் கார்ன் பிளாஸ்டர்கூடக் கூடாது. அதிலும் பொதுவாக இந்த அமிலம்தான் இருக்கிறது. கால் மரத்துப்போனவருக்கு அது நல்ல தோலை அரிப்பதும் தெரியாது. புண்ணாகி நாறும்போதுதான் தெரியும். அவரை நேரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.