அச்சாணியைத் தேடி

“அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்பது நாம் நன்கு அறிந்த பழமொழி. தேர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அதன் சக்கரம் கழன்றுவிடாமல் காப்பது ஒரு சிறிய ஆணிதான். பழைய மகிழுந்துகளைச் சீரமைப்போர் இப்பழமொழியின் உண்மையை அடிக்கடி உணர்கின்றனர். பேராக் மாநிலத்தில், குறிப்பாக ஈப்போவிலும் அதனைச் சுற்றியுள்ள முன்னாள் ரப்பர்த் தோட்டப் பகுதிகளிலும், மோரிஸ் மைனர், ஆஸ்டின், வோக்ஸ்வேகன் போன்ற பழைய வண்டிகளை இன்றும் போற்றிக் காப்பவர்கள் இருக்கின்றனர். அவர்களுடைய வேலையைப் பல மாதங்கள் நிறுத்தி வைப்பது பெரும்பாலும் ஒரு சிறிய பாகமாகவே இருக்கும். அந்தச் சிறிய பாகத்தை எவ்வாறு தேடுகிறார்கள், எவ்வாறு வாங்கி விற்கிறார்கள், அதில் எத்தகைய கவனம் தேவை என்பதை இப்பகுதியில் காண்போம்.

பேராக்கும் மகிழுந்தும்

பேராக்கிற்கும் மகிழுந்துக்கும் உள்ள உறவு ரப்பரிலிருந்தே தொடங்குகிறது. 1877ஆம் ஆண்டில் பேராக்கின் ஆங்கிலேய ஆலோசகராக இருந்த ஹியூ லோ, கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டு வளர்த்தார். பதினொரு ஆண்டுகளுக்குப் பின்னர், 1888இல், ஜான் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, ரப்பருக்கான தேவையும் பெருகியது. பேராக்கின் காடுகள் தோட்டங்களாயின. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் பால்மரம் சீவினர். இங்கு எடுக்கப்பட்ட பால், ரப்பர்த் தகடாகிக் கப்பலேறி, டயராக உருமாறி, ஒரு மகிழுந்தின் சக்கரத்தில் மீண்டும் இங்கு வந்து சேர்ந்தது.

அக்காலத்தில் தோட்டத் துரைமார்களும், மருத்துவர்களும், கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்க முதலாளிகளும் மகிழுந்து வைத்திருந்தனர். பின்னர்ச் சிறிய, விலை குறைந்த வண்டிகள் வந்ததும் ஆசிரியர்களும் கிராணிமார்களும் வணிகர்களும் அவற்றை வாங்கத் தொடங்கினர். அத்தகைய வண்டிகளுள் புகழ்பெற்றது மோரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த இவ்வண்டி 1948ஆம் ஆண்டில் அறிமுகமானது. பத்து இலட்சத்துக்கும் மேல் விற்பனையான முதல் பிரிட்டிஷ் மகிழுந்து இதுவே.

காலப்போக்கில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல தோட்டங்களில் ரப்பர் மரங்களுக்குப் பதிலாகச் செம்பனை நடப்பட்டது. மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தனர். வீட்டையும் கொட்டகையையும் விட்டுச் சென்றவர்களுள் சிலர், ஓடாத வண்டியையும் அங்கேயே விட்டுச் சென்றனர். கொடிகள் படர்ந்து, துருவேறிக் கிடக்கும் அத்தகைய வண்டி பார்ப்பவருக்குக் குப்பையாகத் தெரியலாம். சீரமைப்பவருக்கோ அது ஒரு களஞ்சியம்.

முதலில் தேவைப்படுவது அறிவு

பாகம் தேடப் புறப்படுபவர் பணப்பையை எடுப்பதற்கு முன் ஒரு குறிப்பேட்டை எடுக்க வேண்டும். தம் வண்டி எந்த ஆண்டில் செய்யப்பட்டது, அதன் சட்ட எண் என்ன, எஞ்சின் எண் என்ன என்பவற்றை அவர் குறித்துக்கொள்ள வேண்டும். “மோரிஸ் மைனருக்கு ஒரு பாகம் வேண்டும்” என்று கேட்டால் மட்டும் போதாது. 1948இல் வந்த வண்டியில் இருந்தது 918 கன சென்டிமீட்டர் எஞ்சின். 1952 முதல் 803, 1956 முதல் 948, 1962 முதல் 1098 கன சென்டிமீட்டர் எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. வெளித்தோற்றம் ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே இருக்கும் பாகங்கள் வேறுபடும்.

இந்த அறிவு தேடலைச் சுருக்குகிறது. சில வேளைகளில் அதை விரிவாக்கவும் செய்கிறது. எப்படி? 1952இல் மோரிஸ் நிறுவனமும் ஆஸ்டின் நிறுவனமும் ஒன்றாக இணைந்தன. அதன்பின் ஆஸ்டினின் ‘ஏ வரிசை’ எஞ்சின் மோரிஸ் மைனரிலும் இடம்பெற்றது. 1959இல் வெளிவந்த புகழ்பெற்ற மினி வண்டியும் அதே குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சினையே பயன்படுத்தியது. மினியின் உற்பத்தி 2000ஆம் ஆண்டுவரை நீடித்தது. ஆகவே, மோரிஸ் பாகம் கிடைக்கவில்லை என்று வருந்துபவர், ஆஸ்டின் அல்லது மினி வண்டியின் பாகங்களுள் தமக்குப் பொருந்துவதைக் கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு. எது எதற்குப் பொருந்தும் என்பதை அறிந்தவருக்கு ஒரு கடை பத்துக் கடைகளுக்குச் சமம்.

ஆயினும், பொருந்துவது போல் தோன்றுவதெல்லாம் பொருந்திவிடாது. போல்ட்டையும் நட்டையும் எடுத்துக்கொள்வோம். 1950கள் முதல் பல பிரிட்டிஷ் வண்டிகளில் அங்குல அளவு போல்ட்டுகள் பயன்பட்டன. அவற்றுள் ஒன்றின் விட்டம் 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர். இன்று கடைகளில் எளிதாகக் கிடைப்பது 8 மில்லிமீட்டர் போல்ட். வேறுபாடு தலைமுடி அளவுதான். ஆனால், பழைய போல்ட்டில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையிலுள்ள தூரம் ஏறத்தாழ 1.06 மில்லிமீட்டர், புதியதிலோ 1.25 மில்லிமீட்டர். வலிந்து முறுக்கினால் இரண்டு சுற்றுகள் வரை ஏறும். பிறகு மரை அழிந்துவிடும். சில காசுக்கு வாங்கிய போல்ட், ஈடுசெய்ய முடியாத ஒரு பழைய பாகத்தைக் கெடுத்துவிடும்.

எங்கே தேடுவது?

பாகம் கிடைக்கும் இடங்கள் பல. முதலாவது, பட்டணத்தில் நெடுங்காலமாக இயங்கிவரும் உதிரிப்பாகக் கடைகள். பல ஆண்டுகளுக்கு முன் வாங்கி வைத்து, விற்காமல் தங்கிவிட்ட பாகங்கள் பெட்டி பிரிக்கப்படாமலேயே மேல்தட்டில் இருக்கக்கூடும். கணினியில் பதியப்படாத அச்சரக்கை நினைவில் வைத்திருப்பவர் வயதான கடைக்காரர் மட்டுமே. எனவே, இத்தகைய கடைகளில் அவசரம் பயன் தராது. பொறுமையும் பணிவான பேச்சுமே பயன் தரும்.

இரண்டாவது, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கிடங்குகளும் பழைய இரும்புக் கடைகளும். மூன்றாவது, பழம்பொருள் சந்தை. ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும் பழம்பொருள் சந்தையைப் போன்ற இடங்களில் விளக்குக் கண்ணாடி, சின்னம், கடிகாரமுள் போன்ற சிறு பொருள்களைத் தேடுவோர் உண்டு. நான்காவது, முன்னாள் தோட்டப்புறங்கள். ஐந்தாவது, அதே வகை வண்டியை வைத்திருக்கும் பிற ஆர்வலர்கள். ஒருவரிடம் இரண்டு கதவுகள் மிகுதியாக இருக்கும். இன்னொருவரிடம் இரண்டு கார்புரேட்டர்கள் இருக்கும். இருவரும் பண்டமாற்று செய்துகொண்டால் இருவருடைய வண்டிகளும் ஓடும்.

உள்ளூரில் கிடைக்காத பாகத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். இவ்வகையில் இலங்கையின் கதை சுவையானது. 1960, 1970களில் அங்கு வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. புதிய வண்டி வாங்க இயலாத மக்கள் தங்கள் மோரிஸ் மைனர்களைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே ஓட்டினர். அதனால் அந்நாட்டுத் தொழிலாளர்கள் அவ்வண்டியின் பாகங்களைத் தாங்களே செய்யும் திறனைப் பெற்றனர். 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர், இலங்கையர் ஒருவருடன் கூட்டாக அங்கு ஒரு தொழிலகத்தை நிறுவினார். பிரிட்டனில் பிறந்த வண்டிக்கு இலங்கையில் செய்யப்பட்ட பாகங்கள் பிரிட்டனுக்கே ஏற்றுமதியாயின. தட்டுப்பாடு, திறமையை வளர்த்த கதை இது.

ரப்பரின் ஆயுள்

ரப்பர் விளைந்த மண்ணில் ஒரு பழைய வண்டியில் முதலில் கெடுவது பெரும்பாலும் ரப்பர்ப் பாகமே. கதவு ஓர ரப்பர், எஞ்சின் தாங்கி, குழாய், பிரேக் அடைப்பு வளையம் ஆகிய அனைத்தும் காலத்தால் தளர்ந்துவிடும். ஏன்? 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டுபிடித்த முறையில், ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்குகின்றனர். அப்போது அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து உறுதியும் மீள்தன்மையும் பெறுகின்றன. ஆனால், வெப்பமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் நாளடைவில் ரப்பரின் மூலக்கூறு அமைப்பைக் குலைக்கின்றன. ரப்பர் இறுகி வெடிக்கிறது; அல்லது இளகிப் பிசுபிசுக்கிறது.

இதிலிருந்து உதிரிப்பாக வணிகத்தின் முக்கியமான பாடம் ஒன்று கிடைக்கிறது. 40 ஆண்டுகளாகப் பெட்டியிலேயே இருந்த உலோகப் பாகம் ஒரு புதையல். அதே பெட்டியில் இருந்த ரப்பர் வளையம் ஓர் ஆபத்து. பயன்படுத்தப்படவில்லை என்பதற்காக ரப்பர் இளமையாகவே இருந்துவிடாது. மோரிஸ் மைனரில் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றில் இயங்குகின்றன. ஓரிடத்தில் வளையம் கிழிந்து எண்ணெய் ஒழுகினால், நான்கு சக்கரங்களிலும் பிரேக் பிடிக்காமல் போகலாம். பிரேக் எண்ணெய்க்குப் பதிலாகத் தவறுதலாக எஞ்சின் எண்ணெயை ஊற்றினாலும் வளையங்கள் ஊதிப் பெருத்துக் கெட்டுவிடும். ஆகையால், அனுபவமுள்ளவர்கள் சின்னத்தையும் விளக்கையும் பழையதாகவே தேடுவர். பிரேக்கின் ரப்பர்ப் பாகங்களைப் புதிதாகச் செய்யப்பட்டவையாகவே வாங்குவர். அழகைவிட உயிர் பெரிதல்லவா?

நாணயமே முதலீடு

பழைய பாகங்களுக்கு நிலையான விலைப்பட்டியல் இல்லை. ஒருவருக்குக் கழிவாகத் தோன்றுவது மற்றவருக்கு அரிய பொருளாகிறது. ஆகவே, இவ்வணிகம் நம்பிக்கையை அடித்தளமாகக் கொண்டது. விற்பவர் மூன்று செய்திகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாகம் வண்டி செய்த நிறுவனத்தினுடையதா, பிறர் பின்னாளில் செய்ததா? புதியதா, பயன்படுத்தப்பட்டதா? வெடிப்போ தேய்மானமோ உள்ளதா? துருவின்மீது சாயம் பூசி விற்பவர் ஒருமுறை இலாபம் காண்பார். ஆனால், ஒருவரை ஒருவர் அறிந்த சிறிய வட்டத்தில் அவரது பெயர் கெட்டுவிடும்.

வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு. கைவிடப்பட்டது போல் நிற்கும் வண்டிக்கும் உரிமையாளர் இருப்பார். அவரது அனுமதியின்றி ஒரு திருகாணியைக் கழற்றினாலும் அது திருட்டே. முழு வண்டியை வாங்கும்போது பதிவு ஆவணத்திலுள்ள எண்களும் வண்டியிலுள்ள எண்களும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலைப் பெற வேண்டும். இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். காப்பாற்றக்கூடிய வண்டியைப் பாகங்களுக்காகப் பிரித்துப்போட்டால், ஒரு வண்டியைக் காக்க இன்னொன்றை அழித்ததாகிவிடும். மீட்கவே முடியாத வண்டியிலிருந்து பாகம் எடுப்பதே முறை.

கையிலும் நினைவிலும் உள்ள செல்வம்

எங்கும் கிடைக்காத பாகத்தைச் செய்துதான் ஆக வேண்டும். பழைய பாகத்தை மாதிரியாக வைத்து, அளவெடுத்து, கடைசல் இயந்திரத்தில் புதியதைக் கடைந்தெடுக்கலாம். இவ்வேலைக்குத் தேர்ந்த கைகள் வேண்டும். ஒரு காலத்தில் தோட்டங்களில் லாரிகளையும், மின்னாக்கிகளையும், ரப்பர்த் தகடு உருட்டும் இயந்திரங்களையும் பழுதுபார்க்கப் பட்டறைகள் இருந்தன. பட்டணத்திலிருந்து பாகம் வரும்வரை காத்திராமல், கையில் உள்ளதைக் கொண்டு வேலையை முடிக்க அங்கிருந்தவர்கள் பழகினர். எஞ்சினின் ஓசையைக் கேட்டே கோளாற்றைக் கூறும் முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுடைய அறிவில் பெரும்பகுதி எந்த நூலிலும் எழுதப்படவில்லை. ஒரு பாகம் தொலைந்தால் மற்றொன்றைச் செய்துவிடலாம். அதைச் செய்யத் தெரிந்தவரின் அறிவு தொலைந்தால் என்ன செய்வது?

இது தாத்தா காலத்து வண்டிகளோடு முடிந்துபோகும் செய்தியன்று. 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அறிமுகமான நமது முதல் தேசிய மகிழுந்தான புரோட்டோன் சாகாவும் இப்போது நாற்பது வயதைக் கடந்துவிட்டது. அது மிட்சுபிஷி லான்சர் பியோரே வண்டியை அடிப்படையாகக் கொண்டது. எனவே, அதன் பாகங்களைத் தேடுபவரும் ‘எது எதற்குப் பொருந்தும்’ என்ற அதே கேள்வியோடுதான் புறப்பட வேண்டும். புரோட்டோன் தொழிற்சாலைகளுள் ஒன்று நம் பேராக்கின் தஞ்சோங் மாலிமில் இருக்கிறது. அங்கு இன்று உருவாகும் வண்டிகளும் ஒருநாள் பழையனவாகும்.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பழைய வண்டி ஓட்டிய, பழுதுபார்த்த பெரியவர் இருக்கலாம். அவருடன் அமர்ந்து பேசுங்கள். அவர் பயன்படுத்திய கருவிகளின் பெயர்களையும், செய்த வேலைகளையும், கையாண்ட முறைகளையும் குறித்து வையுங்கள். தேர் ஓட அச்சாணி வேண்டும். அந்த அச்சாணியைச் செய்யத் தெரிந்தவரின் அறிவு அடுத்த தலைமுறைக்கும் வந்து சேர்ந்தால்தான் தேர் தொடர்ந்து ஓடும்.