அணுவுக்குச் சாட்சி சொன்ன மஞ்சள் பிசின்

1900ஆம் ஆண்டிலும், அணு என்று ஒன்று உண்மையிலேயே உண்டா என்ற வழக்கு தீராமல்தான் இருந்தது. ஜான் டால்டன் 1808இல் நூலாக வெளியிட்ட அணுக் கொள்கையை நம்பித்தான் வேதியியல் வளர்ந்தது. ஆனால் அவர் தந்தது ஒப்பீட்டு எடை மட்டுமே: ஹைட்ரஜன் ஒன்று என்றால் மற்றது இத்தனை மடங்கு. வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட், எர்ன்ஸ்ட் மாக் போன்ற பேரறிஞர்கள், அணு வெறும் கணக்கு வசதிக்கான கற்பனை என்றார்கள். கண்ணுக்குத் தெரியாததை எப்படி நிரூபிப்பது?

1908இல் பாரிஸில் இயற்பியலாளர் ஜான் பெரான் எடுத்துக்கொண்ட சாட்சி, ஓவியர்கள் வண்ணத்துக்குக் கரைக்கும் காம்போஜ் என்ற மஞ்சள் பிசின். அதைத் தண்ணீரில் தேய்த்தால் நுண்ணிய உருண்டைகளாகப் பிரியும். தண்ணீரைவிடக் கனமானவை; ஆனாலும் எல்லாம் அடியில் போய்ப் படிந்துவிடுவதில்லை. சதா துள்ளிக்கொண்டே இருக்கும். இந்தத் துள்ளலை 1827இலேயே தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் ஆராய்ந்திருந்தார். நீரின் மூலக்கூறுகள், அதாவது அணுக்கள் கூடிய மிகச்சிறு துணுக்குகள், நாலா பக்கமும் இடிப்பதால் வருவது அது என்று 1905இல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டுக் காட்டினார்.

பெரானின் யோசனை அபாரமானது. மேலே போகப்போகக் காற்று மெலிகிறது. புவியீர்ப்பு மூலக்கூறுகளைக் கீழே இழுக்க, வெப்பத்தின் துள்ளல் அவற்றை மேலே தூக்குகிறது. இரண்டும் சமரசமாகும் விதம்தான் அந்த மெலிவு. துகள் கனமாக இருந்தால் மெலிவு சீக்கிரமே வந்துவிடும். மூலக்கூறு என்பது மெய்யானால், பிசின் உருண்டைகளும் இதே விதிக்குக் கட்டுப்பட வேண்டும்!

சோதிக்க, எல்லா உருண்டைகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு கிலோ பிசினை மையவிலக்குக் கருவியில், அதாவது கனமானதை ஓரத்துக்குத் தள்ளும் வேகச் சுழலியில், மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். தேறியது ஒரு கிராமுக்கும் குறைவு. அந்த உருண்டைகள் மிதந்த நீரின் ஆழம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஓடிக்கொண்டே இருப்பவற்றை எண்ணுவது எப்படி? நுண்ணோக்கியின் பார்வையை ஊசித்துளை அளவுக்குச் சுருக்கினார். ஒரு நேரத்தில் ஐந்தாறு உருண்டைகளே தெரியும்; அந்தக் கணத்தில் எண்ணிக் குறித்துக்கொள்வார். ஒரு சோதனையில் மட்டும் 13,000 உருண்டைகள். அடியில் 100 இருந்தால் அதற்கு 30 மைக்ரான் மேலே 47, அடுத்த 30இல் சுமார் 23, அதற்கும் மேலே 12. முப்பது மைக்ரான் என்பது தலைமயிரின் பருமனில் பாதிகூட இல்லை. அந்த உயரத்துக்குள்ளேயே கூட்டம் பாதியாகிவிடுகிறது.

ஆக்சிஜன் வாயு அப்படிப் பாதியாக 5 கிலோமீட்டர் ஏற வேண்டும். இரண்டு உயரங்களையும் வகுத்தால் சுமார் 17 கோடி. ஆக, நீரின் மிதப்பைக் கழித்த பிறகு ஓர் உருண்டையின் எடை, ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் போல் ஏறக்குறைய அத்தனை மடங்கு. உருண்டையின் எடையைக் கணக்கிட்டுவிடலாம்; மூலக்கூறின் எடையும் கைக்கு வந்துவிட்டது! 32 கிராம் ஆக்சிஜனில் எத்தனை மூலக்கூறுகள் என்பதும் அதிலிருந்தே கிடைத்தது: பெரானின் கணக்கில், ஏழுக்குப் பின்னால் 23 பூஜ்யங்கள் என்ற அளவு. இன்றைய மதிப்பில் ஏழின் இடத்தில் ஆறு.

ஆஸ்ட்வால்ட் விவாதத்தை நீட்டவில்லை. 1909இல் வெளிவந்த தம் பாடநூலின் முன்னுரையிலேயே அணுவை ஏற்றுக்கொண்டார். பெரானுக்கு 1926இல் நோபல் பரிசு கிடைத்தது.