இறுவட்டுகளுக்கு ஏற்ற பொறி

கைத்தொலைபேசியிலேயே பாட்டுக் கேட்கும் காலம் இது. ஆயினும், நம் இல்லங்களின் அலுமாரிகளிலே இறுவட்டுகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. கோயில் திருவிழாவிலே பதிவுசெய்த நாதஸ்வரக் கச்சேரியும், குடும்பத்துப் பெரியவர் ஒருவர் பாடிய பதிகமும் வேறெங்கும் கிடைப்பனவல்ல. பழைய கருவிகளோ ஒவ்வொன்றாகச் செயலிழந்து வருகின்றன. அவற்றினிடத்தில் எதனை வாங்கி வைப்பது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

1982ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே ஜப்பானில் சோனி நிறுவனம் இறுவட்டுக் கருவியை விற்பனைக்கு விட்டது. பிலிப்ஸும் சோனியும் கூடி வகுத்த முறைப்படி, ஒலியானது செக்கனுக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு, எண்களாக வட்டிலே பொறிக்கப்படுகின்றது. கருவிக்கு இரு வேலைகள் உண்டு. லேசர் ஒளியால் அவ்வெண்களை வாசிப்பது ஒன்று. வாசித்த எண்களை மீண்டும் ஒலியலையாக மாற்றுவது மற்றொன்று. முதல் வேலையை மாத்திரம் செய்யும் பொறியே ‘ட்ரான்ஸ்போட்’ எனப்படுவது. இரண்டாவது வேலைக்கு ‘டாக்’ எனப்படும் மாற்றி தனியே வேண்டும். இக்கால அம்பிளிபயர்கள் பலவற்றில் அது உள்ளேயே அமைந்திருக்கின்றது.

விலையுயர்ந்த ட்ரான்ஸ்போட் வாங்கினால் இசை தேனாய் மாறிவிடுமா? அவ்வாறு கருதுவது பொருந்தாது. வட்டிலுள்ள எண்களைப் பிழையின்றி வாசிக்கும் இரு பொறிகள் தருவது ஒரே எண்களையே. எண்கள் வந்துசேரும் காலத்தில் நேரும் நுண்ணிய தடுமாற்றத்தையும் இக்காலத்து நல்ல மாற்றிகள் பெரும்பாலும் சீர்செய்துவிடுகின்றன. ஒலியின் தரத்தை மிகுதியும் நிர்ணயிப்பவை ஸ்பீக்கர்களும், அவை வைக்கப்படும் அறையுமேயாம். எனவே கையிலுள்ள பணத்தில் பெரும்பகுதியை அவற்றுக்கே செலவிடுதல் நன்று. ட்ரான்ஸ்போட்டிலே நாம் தேட வேண்டியவை கீறல் விழுந்த வட்டையும் தடங்கலின்றி வாசிக்கும் ஆற்றல், சுழலும்போது இரைச்சலின்மை, பழுதுபார்க்கும் வசதி ஆகியனவே.

பணம் செலவிடுமுன், மூலையிற் கிடக்கும் பழைய டிவிடி கருவியின் பின்புறத்தைப் பாருங்கள். அங்கே கோஅக்ஸியல் அல்லது ஒப்டிக்கல் என்ற இலக்கமுறை வெளியீடு இருப்பின், அதுவே ட்ரான்ஸ்போட்டாகப் பயன்படும். பாவித்த கருவியை வாங்குவோர், உட்புறத்திலிருந்து வாசிக்கத் தொடங்கும் லேசர் விளிம்பிலுள்ள கடைசிப் பாட்டுவரை தடுக்கி விழாமல் செல்கின்றதா எனக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஜப்பான் நாட்டு உபயோகத்துக்கெனச் செய்தவை பெரும்பாலும் 100 வோல்ற்றுக்கு உரியவை. நமது 230 வோல்ற்று மின்சாரத்தில் நேரே செருகினால் அவை பழுதாகிவிடும்.

இனி, பொருத்தும் முறை. பொறியை அசையாத, சமமான தட்டிலே வையுங்கள். அம்பிளிபயரின் மேல் வைத்தால் அதன் சூடு இதனைத் தாக்கும். கோஅக்ஸியல் இணைப்புக்கு 75 ஓம் கம்பி ஒன்றே போதும். ஒரு மீற்றர் நீளம் சாலும். விலைமிக்க கம்பி தேவையில்லை. ஸ்பீக்கரிலே ‘ம்ம்’ என்ற மின்னிரைச்சல் கேட்குமாயின், ஒப்டிக்கல் கம்பியை நாடலாம். ஒளி வழியே செய்தி செல்வதால், இரு கருவிகளுக்குமிடையே மின்தொடர்பு அற்றுப்போகின்றது. அக்கம்பியைக் கூர்மையாக மடித்தலாகாது. எந்த இணைப்பாயினும் இலக்கமுறை உள்ளீட்டிலேயே செருக வேண்டும். சாதாரண ஒலி உள்ளீட்டிலே செருகினால் இசை வராது.

வட்டைத் துடைக்கும்போது மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால், உண்டாகும் கீறல் பதிவுத் தடத்தின் வழியே நீண்டு ஓடும். சிறு இடைவெளியை நிரப்பிக்கொள்ளும் திருத்தமுறை வட்டிலேயே உண்டெனினும், ஏறக்குறைய 2.5 மில்லிமீற்றருக்கு மேல் தடம் தொடர்ந்து அழிந்தால் அம்முறை முற்றாகக் கைகொடாது. பெயர் அச்சிட்ட மேற்புறத்தைக் காப்பதும் அவசியம். ஒளியைத் திருப்பும் மெல்லிய உலோகப் பூச்சு அதன் கீழேதான் இருக்கின்றது.

இன்னுமொன்று சொல்லி முடிப்போம். கணினியிலே நாமே பதிந்த வட்டுகளில் ஒலியைத் தாங்குவது ஒருவகைச் சாயம். வெயிலும் வெப்பமும் அதனை மங்கச் செய்யும். கடையில் வாங்கிய வட்டு கெட்டால் வேறொன்று தேடலாம். தாத்தாவின் குரலைத் தாங்கிய வட்டு கெட்டால் எங்கே தேடுவது? நல்ல பொறி வீட்டுக்கு வந்ததும், முதல் வேலையாக அத்தகைய வட்டுகளை வாசிக்கச் செய்து பாருங்கள். வாசிக்கக் கூடியவற்றை உடனே கணினியிற் பிரதிசெய்து, இரண்டு இடங்களிலே சேமித்து வையுங்கள். அதன்பின் ஆறுதலாக அமர்ந்து கச்சேரி கேட்கலாம்.