பறவை பார்க்கப் போனவர்கள் கையில் மண்வெட்டி!

புது தில்லி: தில்லியிலிருந்து சுமார் 180 கி.மீ. தொலைவில், ராஜஸ்தான் மாநிலம் பரத்பூரில் உள்ளது கேவலாதேவ் தேசியப் பூங்கா. குளிர்காலத்தில் பறவைகளைக் காண இங்கு செல்வோரில் சிலர், தொலைநோக்கியோடு மண்வெட்டியையும் ஏந்துகின்றனர். வனத்துறையின் அனுமதியுடன் அவ்வப்போது நடைபெறும் சீரமைப்புப் பணிகளில் பங்கேற்கும் தன்னார்வலர்கள் இவர்கள்.

அவர்களுக்குத் தரப்படும் வேலை எளிதானதல்ல. தமிழகத்துக்கும் நன்கு அறிமுகமான சீமைக் கருவேலம்தான் இங்கும் எதிரி. நீர் வற்றிய இடங்களில் அது வேகமாகப் பரவுகிறது. மேலே வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். வேரோடு பெயர்க்க வேண்டும். காலை முழுவதும் முள்ளோடு போராடுவோருக்கு மாலையில் கிடைக்கும் பரிசு சதுப்பு நிலக் காட்சி. சங்குவளை நாரைகள், பாம்புத்தாராக்கள், இணையாகத் திரியும் சாரஸ் கொக்குகள், நீரோரம் மேயும் கடமான்கள், வெயில் காயும் மலைப்பாம்புகள் ஆகியவற்றை இங்கு காணலாம். பறவைகளின் பெயரையும் இயல்பையும் விளக்குவோர் பயிற்சி பெற்ற ரிக்ஷா ஓட்டுநர்களே.

வேட்டைக்காடு வரலாறு: சுமார் 29 சதுர கி.மீ. பரப்புள்ள இந்தச் சதுப்பு நிலம், பரத்பூர் மன்னர்களின் வேட்டைக்காக 19-ஆம் நூற்றாண்டில் உருவாக்கப்பட்டது. 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ பங்கேற்ற வேட்டையில், ஒரே நாளில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. இந்தக் கணக்கு பூங்காவில் உள்ள கல்வெட்டிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. பின்னர் இது 1981-இல் ராம்சர் பட்டியலிலும், 1985-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது.

தேசியப் பூங்கா ஆனதும் 1982-இல் கால்நடை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. அதை எதிர்த்துத் திரண்ட கிராம மக்கள் மீது போலீஸார் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிரிழந்தனர். ஆனால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் மேற்கொண்ட நீண்ட கால ஆய்வு வேறு கதை சொன்னது. எருமைகள் மேயாததால் நீர்ப்புல் மண்டி, பறவைகள் இரை தேடும் திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது என்பது அதில் தெரியவந்தது. அன்று விரட்டப்பட்ட கிராம மக்களிடமே அரசு பின்னர் உதவி கேட்டது. சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் மூலம் அவர்கள் சீமைக் கருவேலத்தை அகற்றி, விறகைத் தாங்களே எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டனர். ஓரிரு நாள் வந்து செல்லும் நகரத்துத் தன்னார்வலர்களின் பணியைவிட இவர்களின் உழைப்பே பெரிது.

தண்ணீர் அரசியல்: முள்ளை அகற்றினால் மட்டும் போதாது, தண்ணீர் வேண்டும். பூங்காவின் ஆண்டுத் தேவை சுமார் 55 கோடி கன அடி. கம்பீர் ஆற்றின் நீர் அஜான் அணைக்கட்டு வழியே வந்துகொண்டிருந்தது. மேல்பகுதியில், கரௌலி மாவட்டத்தில் பாஞ்சனா அணை எழுந்த பிறகு வரத்து குறைந்தது. 2004-ஆம் ஆண்டு வறட்சியின்போது, பாசனத்துக்கே நீர் போதவில்லை எனக் கூறி அப்பகுதி விவசாயிகள் அணை நீரைப் பூங்காவுக்குத் திறக்க எதிர்ப்புத் தெரிவித்தனர். சதுப்பு நிலம் வறண்டது; பறவைகள் வேறிடம் சென்றன. அதன் பிறகு கோவர்தன் வடிகாலின் வெள்ளநீரையும், சம்பல் ஆற்று நீரையும் குழாய் மூலம் கொண்டுவர ஏற்பாடு செய்யப்பட்டது.

இந்தியாவுக்கு வலசை வந்த சைபீரியக் கொக்குகள் 2002-க்குப் பிறகு இங்கு காணப்படவில்லை. வலசைப் பாதையில் நடந்த வேட்டையும் இதற்கு முக்கியக் காரணம் என்கின்றனர் நிபுணர்கள். சூழல் சீர்கேட்டுக்கு உள்ளான ஈரநிலங்களுக்கான மான்ட்ரூ பட்டியலில் 1990-இல் சேர்க்கப்பட்டது கேவலாதேவ். 1993-இல் அதே பட்டியலில் இடம்பெற்ற ஒடிஸாவின் சிலிகா ஏரி, 2000-இல் கடலுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டதால் மீண்டது. 2002-இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

சிலிகாவில் சாத்தியமானது பரத்பூரில் ஏன் தாமதமாகிறது? அரசியலமைப்புச் சட்டப்படி தண்ணீர் மாநிலப் பொறுப்பு; உலகப் பாரம்பரியச் சின்னத்தைக் காப்பதாக உலக நாடுகளிடம் உறுதியளித்ததோ மத்திய அரசு. இவ்விரண்டுக்கும் இடையே கரௌலி விவசாயியின் வயலும் இருக்கிறது. அவரது பாசன உரிமைக்கும் பறவைகளின் தேவைக்கும் நிரந்தரமான நீர்ப்பங்கீடு ஒன்றை வகுக்காதவரை, ஒவ்வொரு ஆண்டும் மழையை நம்பியே பூங்கா வாழ வேண்டியிருக்கும். முள்செடியைப் பிடுங்கத் தன்னார்வலர்கள் வருவார்கள். மதகைத் திறக்க வேண்டியவை அரசுகள்தான்.