இரண்டு பற்களுக்கு நடுவே ஓர் எண்ணெய்ப் படலம்

பாரம் ஏற்றிய பழைய லாரி ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதன் பின் அச்சின் நடுவே பூசணிக்காய் போல உப்பியிருக்கும் ஹவுசிங்குக்குள் இரண்டு பற்சக்கரங்கள் சுழல்கின்றன. சிறியது பினியன், பெரியது கிரௌன். பினியனுக்கு 6 பல், கிரௌனுக்கு 41 பல் என்று வைத்துக்கொள்வோம். டயர் நிமிடத்துக்கு 300 சுற்றுக்கு மேல் சுற்றும்போது பினியன் சுமார் 2,100 சுற்று சுற்றும். நொடிக்கு 200 தடவைக்கு மேல் பல்லோடு பல் பொருந்தி விலகுகிறது.

42 என்று வசதியாக வைக்காமல் ஏன் 41? 42 ஆக இருந்தால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரௌனின் அதே 7 பற்களைத்தான் திரும்பத் திரும்பச் சந்திக்கும். ஒன்றில் உள்ள குறை அந்த ஏழையும் அரிக்கும். 6க்கும் 41க்கும் ஒன்றைத் தவிர வேறு பொது வகுஎண் இல்லை. அதனால் ஒவ்வொரு பல்லும் எதிரிலுள்ள 41 பற்களையும் முறைவைத்துச் சந்திக்கிறது, தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பங்காகிறது.

அந்தச் சந்திப்பில் இரும்பும் இரும்பும் தொடக்கூடாது. நடுவில் நிற்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே தடிமனுள்ள எண்ணெய்ப் படலம். லாரி டயருக்குள் இருக்கும் அழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் அதன்மீது விழுகிறது. பிதுங்கி ஓட வேண்டிய எண்ணெய், அந்த அழுத்தத்தில் ஏறக்குறைய திடப்பொருளாக இறுகுகிறது. பல்லின் எஃகும் மயிரிழையைவிடக் குறைவான அளவு வளைந்து இடம் கொடுக்கிறது. பற்கள் விலகியதும் எண்ணெய் பழையபடி திரவம். மீட்சி உயவு எனலாம் இதை: பரப்பு வளைந்து கொடுப்பதால் நிலைக்கும் வழுவழுப்பு. படலம் இப்படி நிலைப்பதன் கணக்கை 1959இல் எண்முறையில் தீர்த்துக் காட்டியவர்கள் டௌசன், ஹிக்கின்சன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர்கள்.

இத்தனைக்கும் பெரும்பாலான ஹவுசிங்கில் பம்ப் கிடையாது. கிரௌனின் அடிப்பகுதி எண்ணெயில் முங்கியிருக்கும். சுழலும்போது அள்ளி வீசும். மேலே இருக்கும் பேரிங்குக்கு அதுதான் உணவு. ஆகவே மட்டம் முக்கியம். சமதளத்தில் நிறுத்திய வண்டியில், ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் நிற்க வேண்டும். குறைந்தால் பேரிங் காயும். கூடினால் எண்ணெய் கடையப்பட்டு நுரைக்கும், சூடேறும், சீல் வழியே கசியும்.

பினியனின் அச்சு கிரௌனின் மையத்துக்கு நேராக இல்லாமல் சற்றே விலகி அமைந்திருந்தால் அது ஹைப்பாய்டு அமைப்பு. பல் பெரிதாகும், ஓசை குறையும். ஆனால் பற்கள் ஒன்றின்மீது ஒன்று உருள்வதோடு நில்லாமல் வழுக்கித் தேய்க்கவும் செய்யும். படலம் கிழிய வாய்ப்பு அதிகம். அதற்குத்தான் எண்ணெயில் கந்தகச் சேர்மங்கள். கியர் ஆயிலின் நாற்றம் அவற்றால்தான். உரசிக் கொதிக்கும் புள்ளியில் மட்டும் கந்தகம் இரும்போடு வினைபுரிந்து மெல்லிய பூச்சு ஒன்றைப் போடுகிறது. பல்லுக்குப் பதில் அந்தப் பூச்சு தேய்ந்து போகிறது.

அதே கந்தகம் கியர் பாக்ஸில் வில்லனாகலாம். கியர் மாற்றும்போது வேகங்களை ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோ வளையங்கள் அங்கே பல வண்டிகளில் பித்தளை. சில சேர்மங்கள் அதை அரிக்கும். ஹவுசிங்குக்கு ஜிஎல்-5 தரமும், பல பழைய கியர் பாக்ஸ்களுக்குக் கந்தகம் குறைந்த ஜிஎல்-4 தரமும் சொல்லப்படுவது இதனால்தான். டப்பாவில் உள்ள 90 என்ற எண்ணைப் பார்த்து இன்ஜின் ஆயில் 40ஐவிட இருமடங்கு கெட்டி என்று நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் அளவுகோல் வேறு. சூட்டில் இரண்டின் பாகுத்தன்மையும், அதாவது ஒழுகத் தயங்கும் குணமும், ஏறக்குறைய ஒன்றுதான்.

ஹவுசிங்கின் மேலே சின்னஞ்சிறு மூச்சுக்குழாய் ஒன்று உண்டு. சூட்டில் விரியும் காற்று அதன் வழியே வெளியேறும். சேறு அடைத்தால் அழுத்தம் சீலைத் தள்ளும். அந்த அடைப்போடு சூடான அச்சு வெள்ளத்தில் இறங்கினால், சட்டென்று குளிர்ந்து சுருங்கும் காற்று சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். அப்போது எண்ணெய் பால் கலந்த நிறமாகும். உடனே மாற்ற வேண்டியதுதான்.

வடிப்பதற்கு முன் வண்டியைக் கொஞ்சம் ஓட்டினால் எண்ணெய் இளகி, அடியில் தங்கிய தூளையும் அள்ளிக்கொண்டு வரும். வடிதிருகில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் சில்லு, பல்லோ பேரிங்கோ உடைகிறது என்ற எச்சரிக்கை. ஆனால் கீழ்த்திருகைத் தொடுவதற்கு முன் ஊற்றும் துளையின் திருகைக் கழற்றிவிடுங்கள். அது துருப்பிடித்து இறுகிக் கிடந்தால், எண்ணெயை எல்லாம் வடித்துவிட்டு நிரப்ப வழியில்லாமல் நிற்க நேரும்.