பம்ப்செட் மோட்டார் கருகாமல் காக்க...

கதிர் வரும் சமயத்தில் பம்ப்செட் மோட்டார் கருகினால் பயிரும் கருகும். மூன்று பேஸில் ஒன்று நின்றாலும், ஓடும் மோட்டார் உடனே நிற்பதில்லை, உறுமிக்கொண்டே சுழலும். அப்போது மற்ற இரு பேஸ்களில் மின்னோட்டம் ஏறத்தாழ 1.7 மடங்காகி, சில நிமிடங்களில் காயில் எரிந்துவிடக்கூடும்.

இதைத் தடுக்க, ஸ்டார்ட்டரிலுள்ள ஓவர்லோடு ரிலேயை மோட்டாரின் பெயர்த்தகட்டில் கண்ட ஆம்பியருக்கு மேல் வைக்கக்கூடாது. 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு இது சுமார் 7.5 ஆம்பியர். அடிக்கடி 'டிரிப்' ஆகிறதென்று ரிலேயை ஏற்றுவதும், ஃபியூஸில் தடித்த கம்பி போடுவதும் கூடாது. சிங்கிள் பேஸ் பிரிவெண்டரும் பொருத்தினால், ஒரு பேஸ் போனதுமே மோட்டார் நின்றுவிடும்.

மோட்டார், ஸ்டார்ட்டர் இரண்டின் உலோக உறைக்கும் எர்த் கம்பி அவசியம். இந்த வேலைகளை உரிமம் பெற்ற வயர்மேனிடமே விட வேண்டும். காயிலை மீண்டும் கட்டலாம். உயிரை மீட்க முடியாது.